எண்ணிட்ட தாள்கள்: கையொப்பமிட்ட எட்சிங் ஓவியங்களைச் சேகரித்தல்

எட்சிங் ஓவியத்துக்கு மூலம் ஓர் உலோகத் தகடு. செம்பு அல்லது துத்தநாகத் தகட்டின்மேல் மெழுகு கலந்த மெல்லிய பூச்சைத் தடவி, அந்தப் பூச்சை ஊசியால் கீறிக் கலைஞர் வரைகிறார். தகட்டை அமிலத்தில் இட்டால் ஊசி பட்ட இடங்களை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். சில நிமிடங்களில் வெளியே எடுத்தால் மெல்லிய கோடு, ஒரு மணி நேரம் விட்டால் தடித்த கோடு. மெல்லியதாகவே இருக்க வேண்டிய கோடுகளை வார்னிஷால் மூடிவிட்டு மற்றவற்றை மீண்டும் அமிலத்தில் இறக்குவதும் உண்டு. பிறகு பூச்சைக் களைந்து, பள்ளங்களில் மையை அழுத்தி நிரப்பி, மேற்பரப்பைத் துணியாலும் கடைசியில் உள்ளங்கையாலும் துடைத்து, ஈரமாக்கிய பருத்தித் தாளை மேலே விரித்து உருளைப் பொறிக்குள் தள்ளுகிறார்கள். கனத்த அழுத்தத்தில் தாள் பள்ளங்களுக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வெளிவருகிறது. தகட்டின் நான்கு விளிம்புகளும் தாளில் பள்ளமாகப் பதிந்துவிடுகின்றன. அந்தத் தகட்டுத் தடம்தான் சேகரிப்பவர் முதலில் தேடும் அடையாளம்.

ஒவ்வொரு பிரதிக்கும் தகட்டைத் துடைத்து மீண்டும் மையிட வேண்டும். தேர்ந்த அச்சாளர்கூட ஒரு நாளில் எடுக்கக்கூடிய நல்ல பிரதிகள் கொஞ்சம்தான். தகடும் தேயும். அமிலமில்லாமல் ஊசியால் நேரடியாகக் கீறும் டிரைபாயின்ட் முறையில் கோட்டின் இருபுறமும் எழும் உலோகப் பிசிர் மையைப் பிடித்து வெல்வெட் போன்ற கருமையைத் தருகிறது. அந்தப் பிசிர் சில பத்துப் பிரதிகளிலேயே நசுங்கிவிடும். அமிலம் அரித்த செப்புத் தகடு அதைவிட நீடிக்கும். அதன்மேல் மின்முலாமாக இரும்புப் பூச்சு ஏற்றினால் நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். ஆகவே பிரதிகளுக்கு எல்லை என்பது முதலில் உலோகத்தின் இயல்பிலிருந்து வந்தது. சந்தை அதைப் பின்னால்தான் கையில் எடுத்தது.

பழைய காலத்தில் எண்ணும் கிடையாது, பென்சில் ஒப்பமும் கிடையாது. 17ஆம் நூற்றாண்டில் ரெம்பிராண்ட் தன் பெயரைத் தகட்டிலேயே கீறினார். அவர் இறந்த பிறகும் அவருடைய தகடுகள் கைமாறிக் கைமாறி, தேய்ந்த கோடுகளைப் புதுப்பித்து, மீண்டும் மீண்டும் அச்சேறின. கோயாவின் ‘லோஸ் காப்ரிச்சோஸ்’ 1799இல் ஏறத்தாழ 300 தொகுதிகளாக வெளிவந்தது. அதே தகடுகளிலிருந்து 1937 வரை மொத்தம் 12 பதிப்புகள் எடுக்கப்பட்டன. முதல் பதிப்பின் தாளையும் கடைசிப் பதிப்பின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நடுத்தர நிழல்கள் எல்லாம் கரைந்துபோயிருப்பது தெரியும். இரண்டுமே கோயாவின் தகட்டில் எடுத்தவைதான். ஆனால் கோயா கண்ட படம் முதலாவதில் மட்டுமே இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஒளிப்படத்திலிருந்து அச்சுத் தகடு செய்யும் முறைகள் பெருகின. கலைஞரின் கையால் ஆன தாளை இயந்திரம் தந்த தாளிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய தேவை அப்போது எழுந்தது. ஓவியர் ஜேம்ஸ் விஸ்லரும், அவருடைய உறவினரும் அறுவை மருத்துவருமான சீமோர் ஹேடனும் ஓரத்தில் பென்சிலால் ஒப்பமிடும் வழக்கத்தை இங்கிலாந்தில் பரப்பினார்கள். பதிப்பின் அளவைக் குறிக்கும் எண் 20ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. 1960இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுக் கலைஞர் மாநாடு, மூல அச்சோவியம் எது என்பதற்கு ஒரு வரையறை தந்தது: தகட்டைக் கலைஞரே ஆக்கியிருக்க வேண்டும்; ஒவ்வொரு பிரதியிலும் ஒப்பமும் பதிப்பின் மொத்தத் தொகையும் வரிசை எண்ணும் இருக்க வேண்டும்; பதிப்பு முடிந்ததும் தகட்டை அழிப்பதோ அதில் குறி கீறுவதோ விரும்பத்தக்கது. இன்றைய நடைமுறை பெரும்பாலும் இதையே ஒட்டியது.

தாளின் கீழ் ஓரத்தில் இடப்பக்கம் 12/50 என்று இருந்தால், 50 பிரதிகள் கொண்ட பதிப்பில் இது 12ஆவது என்று பொருள். நடுவில் தலைப்பு, வலப்பக்கம் ஒப்பமும் ஆண்டும் வரும். 12 என்பது அச்சேறிய வரிசையைக் காட்டுவதாகப் பலர் எண்ணிக்கொண்டு, 1/50க்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். உலர்ந்த தாள்களை அடுக்கிவைத்துத்தான் எண்ணிடுவார்கள் என்பதால் அந்த வரிசைக்கு அச்சேறிய வரிசையோடு தொடர்பு இருக்க வேண்டியதில்லை. எண்ணில்லாமல் ‘ஏ/பி’ என்றிருப்பது கலைஞர் தமக்கென வைத்துக்கொண்ட பிரதி. பிரெஞ்சு வழக்கில் அதுவே ‘ஈ.ஏ.’. பதிப்பின் பத்தில் ஒரு பங்கு வரை இவை இருக்கலாம் என்பது பொதுவழக்கு. ‘எச்.சி.’ விற்பனைக்கல்லாதது, ஆனாலும் விற்பனைக்கு வரும். ‘பி.ஏ.டி.’ என்பது இதைப்போலவே மற்றவற்றையும் எடுக்கலாம் என்று கலைஞர் அச்சாளருக்கு ஒப்புதல் தந்த ஒற்றைத் தாள். தகட்டில் வேலை முடியுமுன் இடையிடையே எடுத்துப் பார்த்த நிலைப்பிரதிகள் வேறு. படம் எப்படி வளர்ந்தது என்பதைக் காட்டுவதால் ஆராய்ச்சியாளருக்கு எண்ணிட்ட பிரதியைவிட இவை மதிப்பு மிக்கவை. 50 என்ற எண்ணுக்கு வெளியே இப்படி ஏழெட்டு, சில வேளை இருபது தாள்கள் உலவும் என்பதைக் கணக்கில் கொள்ளாமல் ‘வரையறுத்த பதிப்பு’ என்ற சொல்லை நம்புவது பேதைமை.

இலங்கையில், குறிப்பாகக் கண்டிப் பக்கத்தில், தகட்டு அச்சு முதலில் பயணிகளின் கையில்தான் வந்தது. சாமுவேல் டேனியல் இலங்கையின் நிலக்காட்சிகளையும் விலங்குகளையும் வரைந்த 12 அக்குவாடின்ட் தகடுகள் 1808இல் லண்டனில் வெளியாயின. அக்குவாடின்ட் எட்சிங்கின் உடன்பிறப்பு; பிசின் தூளைத் தகட்டில் தூவிச் சூடாக்கி, மணிகளுக்கிடையே அமிலம் புக விட்டு, நீர்வண்ணம் போன்ற நிழலைத் தருவது. டேனியல் 1811இல் இலங்கையிலேயே இறந்தார். 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான நான்கு ஆண்டுகளில் வில்லியம் லிட்டில்டனின் காட்சித் தொகுதி வந்தது. புதிதாகக் கைப்பற்றிய தலைநகரைப் பார்க்க லண்டனில் ஆவல் இருந்த நேரம் அது. ஒப்பமோ எண்ணோ இல்லாத இந்தத் தாள்களை இன்று சேகரிப்பவர்கள் பார்ப்பது வேறு விவரங்களை: தாளின் நீர்க்குறி ஆண்டு, வண்ணம் அந்தக் காலத்தில் பூசியதா பின்னால் சேர்த்ததா, புத்தகத்திலிருந்து கிழித்தெடுத்த ஓரமா. ஒப்பம் இல்லாமலும் ஒரு தாளை நிறுவ முடியும் என்பதற்கு இவையே சான்று.

எண்ணிட்ட வெளியீடு என்ற எண்ணத்தைக் கண்டிக் கலையோடு இணைத்தவர் ஒரு தமிழர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிமவள அளவைப் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி, கண்டிய கைவினைஞர்களைப் பற்றிச் சேர்த்த செய்திகளை ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற நூலாக்கினார். ஆங்கிலக் கைவினைஞர் வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கைப்பொறியிலேயே அது இங்கிலாந்தில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் அச்சேறியது. பிரதிகள் 425. ஏறத்தாழ 15 மாதங்கள் பிடித்த வேலை. இது எட்சிங் அன்று, நூல்தான். ஆயினும் கையால் ஆன பதிப்பு அளவில் சிறியதாகத்தான் இருக்க முடியும் என்ற கொள்கை அந்த நூலின் பொருளிலும் அச்சிலும் ஒன்றாக இருந்தது.

ஆனால் அந்த விதை இலங்கையின் நவீன ஓவியத்தில் எட்சிங்காக முளைக்கவில்லை. ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்டின் கொழும்பு வீட்டில் 1943 ஆகஸ்டில் தொடங்கிய ’43 குழு என்ற ஓவியர் கூட்டத்தில் ஹரி பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், ரிச்சர்ட் கேபிரியல், மஞ்சுசிறி என்று பலவகைக் கைகள் இருந்தன. அவர்களுள் கண்டிக்காரர் ஜோர்ஜ் கீட். 1901இல் கண்டியில் பிறந்து திரித்துவக் கல்லூரியில் படித்தவர், பொறளை கோதமி விகாரையின் சுவரோவியங்களை 1939-40இல் தீட்டியவர், 1993இல் மறைந்தார். கீட்டின் கோடு எட்சிங் ஊசிக்கென்றே பிறந்ததுபோல் ஓடும். ஒரே இழுப்பில் தோளிலிருந்து இடைக்கு இறங்கி விரலில் முடியும் கோடு அது. ஆனாலும் அவர் பெயர் நிலைத்தது எண்ணெய் வண்ணத்திலும் பேனா, தூரிகைக் கோட்டோவியத்திலும். காரணத்தைத் தனிமனித விருப்பத்தில் தேட வேண்டியதில்லை. எட்சிங்குக்குப் பொறி வேண்டும், அமிலத்தொட்டி வேண்டும், இறக்குமதித் தாள் வேண்டும், அச்சாளர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக இவற்றைப் பலர் பகிர்ந்துகொள்ளும் பட்டறை வேண்டும். தூரிகையோடு தனியாக வீட்டில் இருந்து ஓவியராகலாம். எட்சிங் கலைஞர் தனியாக உருவாவது அரிது.

பட்டறை வளர்ந்தது பாக்கு நீரிணைக்கு அப்பால். வங்காளத்தின் முகுல் தே 1916இல் தாகூருடன் யப்பான் வழியாக அமெரிக்கா சென்று சிக்காகோவில் எட்சிங் கற்றார். இந்தக் கலையைப் படிக்கவென்றே கடல் கடந்த முதல் இந்தியர் என்று அவரைச் சொல்வார்கள். 1928இல் கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியின் முதல் இந்திய முதல்வரானார். சாந்திநிகேதனில் நந்தலால் போஸ் அச்சோவியத்தைப் பாடத்தோடு பிணைத்தார். தண்டி யாத்திரைக் காந்தியை அவர் 1930இல் லினோலியத்தில் செதுக்கிய படம் பள்ளிப் புத்தகங்கள்வரை போனது.

நந்தலாலிடம் படித்த ஒருவரால்தான் தென்னிந்தியப் பெயர் ஒன்று உலக எட்சிங் வரலாற்றில் ஏறியது. கிருஷ்ணா ரெட்டி 1925இல், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த சித்தூர் மாவட்டத்து நந்தனூரில் பிறந்தார். 1947 முதல் 1949 வரை சென்னை கலாக்ஷேத்திராவில் ஓவியப் பிரிவை நடத்தினார். பிறகு லண்டனில் ஹென்றி மூரிடமும் பாரிசில் ஒசிப் சாட்கினிடமும் சிற்பம் பயின்றார். பாரிசில் ஸ்டான்லி வில்லியம் ஹேய்ட்டர் 1927இல் தொடங்கிய அட்டலியே 17 என்ற பட்டறை அவரை இழுத்துக்கொண்டது. மிரோ, ஜாகொமெட்டி போன்றவர்கள் வேலை செய்த இடம் அது. ரெட்டி அங்கே மாணவராகப் போய் இணை இயக்குநராக உயர்ந்தார். 1972இல் பத்மஸ்ரீ. பின்னர் நியூயோர்க்கில் குடியேறி அங்குள்ள பல்கலைக்கழகத்தில் அச்சோவியம் கற்பித்தார். 2018இல் அங்கேயே காலமானார்.

ரெட்டியும் பம்பாய்க்காரரான கைக்கோ மோத்தியும் ஹேய்ட்டரின் பட்டறையில் வளர்த்தெடுத்த முறை, வண்ண எட்சிங்கின் கணக்கையே மாற்றியது. அதற்கு முன் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தகடு செய்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் பதிக்க வேண்டும். இவர்கள் ஒரே தகட்டில், ஒரே தடவையில், பல வண்ணங்களைப் பதித்தார்கள். தகடு பல ஆழங்களில் அரிக்கப்பட்டிருக்கும். அடிப்பள்ளங்களில் ஒரு மையை நிரப்பித் துடைத்த பிறகு, எண்ணெய் மிகுந்த இளகிய மையைக் கடினமான உருளையால் மேல்மட்டத்தில் மட்டும் உருட்டுவார்கள். அடுத்து, எண்ணெய் குறைந்த இறுகிய மையை மெத்தென்ற உருளையால் அழுத்தி உருட்டினால் அது கீழ்மட்டங்களுக்கும் இறங்கும். ஆனால் இளகிய மை கிடக்கும் இடத்தில் இறுகிய மை ஒட்டாது. மைகளின் பசைத்தன்மையே வண்ணங்களைப் பிரித்து வைக்கிறது. சொல்வதற்கு எளிது. மையில் ஆளிவிதை எண்ணெய் சற்றுக் கூடினாலோ, அறையின் வெப்பம் மாறினாலோ வண்ணங்கள் கலங்கிவிடும்.

ரெட்டி அடிப்படையில் சிற்பி. அவருடைய தகடு அமிலத்தை மட்டும் நம்பவில்லை. உளியாலும் மின்கருவிகளாலும் குடைந்து தேய்த்து, கையால் தடவினால் மேடுபள்ளம் தெரியும் புடைப்புச் சிற்பமாகவே ஆக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டின் ‘நீர்ச்சுழி’யில் நீரும் ஒளியும் ஒரு மையத்தை நோக்கி இழுபடுகின்றன. எந்தக் கோடும் நிறமும் தனித்து நிற்காது. 1968இல் பாரிஸ் மாணவர் கிளர்ச்சியைக் கண்டு செய்த ‘ஆர்ப்பாட்டக்காரர்கள்’ இன்னொரு திசை. 1980களில் கோமாளி உருவத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தார். சர்க்கஸ் அரங்கின் வட்டங்களுக்குள் அந்தக் கோமாளி ஒளிக்கீற்றுகளாகச் சிதறி நிற்கிறான்.

சேகரிப்பவருக்கு ரெட்டியின் தாள்கள் ஒரு சிக்கலைக் கொண்டுவருகின்றன. அந்தச் சிக்கலே இந்தத் துறையின் நடுப்புள்ளி. 12/50 என்ற எண், ஐம்பதும் ஒன்றே என்ற வாக்குறுதியைத் தன்னுள் வைத்திருக்கிறது. பசைத்தன்மை முறையில் எடுத்த இரண்டு பிரதிகள் ஒன்றாக இருப்பதே அபூர்வம். ஒன்றில் நீலம் ஆழ்ந்திருக்கும், மற்றதில் பச்சை மேலெழும். தவிர, ஒரே தகட்டை வேறு வேறு வண்ண அமைப்பில் எடுத்துப் பார்ப்பதும் அந்தப் பட்டறையின் இயல்பு. எண்ணையும் ஒப்பத்தையும் மட்டும் பார்த்து, தாளை நேரில் பாராமல் வாங்குபவர் எதை வாங்குகிறார் என்பது அவருக்கே தெரியாது. கறுப்பு வெள்ளை எட்சிங்குக்கும், சிறிய அளவில், இது பொருந்தும். துடைக்கும் கையின் அழுத்தத்தைப் பொறுத்து ஒரு தாள் தெளிந்தும் இன்னொன்று மங்கியும் வரும். ஆகவே ஒப்பம் நுழைவுச்சீட்டு மட்டுமே. மதிப்பு அந்தத் தனிப் பிரதியின் தரத்தில் இருக்கிறது.

சென்னையில் இந்தக் கலைக்குக் களம் அமைத்தவை இரண்டு மூன்று இடங்கள். அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய ஓவியப் பள்ளி, பின்னால் அரசு கவின்கலைக் கல்லூரியாயிற்று. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமி மண்டல மையத்தின் பொதுப் பட்டறை, சொந்தப் பொறி வாங்க முடியாத இளைஞர்களுக்குப் பொறியும் தொட்டியும் தந்தது. பூனைகளுக்குப் பேர்போன ஆர்.பி. பாஸ்கரன், தேவகோட்டையில் 1957இல் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் ஆகியோர் இந்தச் சூழலின் கைகள். பழனியப்பன் வானூர்திகளின் பறப்புப் பாதையையும் வரைபடக் குறிகளையும் எண்களையும் தாளில் கொண்டுவந்தவர். அமெரிக்காவின் டமாரிண்ட் நிறுவனத்தில் லித்தோகிராப் என்னும் கல்லச்சில் மேற்பயிற்சி பெற்றவர். ஐதராபாத்தின் லட்சுமா கவுட் 1970களில் எடுத்த கறுப்பு வெள்ளை எட்சிங்குகளையும், பரோடாவின் ஜோதி பட்டையும், வங்காளத்தின் சோம்நாத் ஹோரையும் சேர்த்தால் தென்னாசிய எட்சிங்கின் வரைபடம் ஓரளவு நிறைவாகும். எண்ணெய் ஓவியத்தின் விலையில் ஒரு சிறு பங்குக்கு இவர்களின் கையொப்பமிட்ட தாள் கிடைக்கும் என்பதே ஆசிரியரையும் எழுதுவினைஞரையும்கூடச் சேகரிப்பவர்களாக்குகிறது.

எளிதாகக் கிடைப்பதால் ஏமாற்றும் எளிது. 1974இல் பிரெஞ்சுச் சுங்க அதிகாரிகள் நிறுத்திய ஒரு வண்டியில், சல்வடோர் டாலி ஒப்பமிட்ட வெற்றுத் தாள்கள் ஏறத்தாழ 40,000 இருந்தன. ஒப்பம் உண்மை, படம் பின்னால் யாரோ அச்சிடுவது. டாலியின் பிற்கால அச்சோவியங்களைத் தேர்ந்த வணிகர்கள் இன்றும் கையில் எடுக்கத் தயங்குவது இதனால்தான். பிக்காசோவின் வோலார் தொகுதியில் வேறுவகைப் பாடம் இருக்கிறது. 1930 முதல் 1937 வரை செய்த 100 தகடுகள் அவை. வணிகர் வோலார் 1939இல் விபத்தில் இறந்தார், அச்சிட்ட தாள்கள் இன்னொரு வணிகரிடம் போயின. பல ஆண்டுகள் கழித்து அவற்றில் ஒரு பகுதிக்கு மட்டும் பிக்காசோ பென்சிலில் ஒப்பமிட்டார். ஒரே தகடு, ஒரே தாள், ஒரே அச்சாளர். ஒப்பம் உள்ளதற்கும் இல்லாததற்கும் விலையில் பெரிய இடைவெளி. கண்ணுக்காக வாங்குபவர் ஒப்பமில்லாததை எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்துக்கு இன்னொரு தாள் வாங்கலாம்.

நம் பக்கத்தில் அதிகம் காணப்படுவது இத்தகைய பெரிய மோசடியைவிடச் சிறிய குழப்பம். எண்ணெய் ஓவியத்தையோ கோட்டோவியத்தையோ ஒளிப்படமெடுத்து, ஓப்செட்டிலோ இங்க்ஜெட்டிலோ நல்ல தாளில் அச்சிட்டு, எண்ணும் ஒப்பமும் இட்டு விற்கிறார்கள். ‘ஜிக்லே’ என்று பிரெஞ்சுப் பெயர் சூட்டுவதும் உண்டு. மறைக்காமல் விற்றால் அதில் குற்றமில்லை. ஆனால் அது எட்சிங் ஆகாது. கலைஞர் எந்தத் தகட்டையும் தொடவில்லை. நகைவேலை செய்பவர் வைத்திருக்கும் பத்து மடங்கு உருப்பெருக்கி இருந்தால் போதும். ஓப்செட்டில் ரோசாப்பூப் போலச் சுழன்ற நிறப்புள்ளிகள் தெரியும், இங்க்ஜெட்டில் ஒழுங்கில்லாத நுண்துளிகள் தெரியும். எட்சிங்கில் மை தாளின்மேல் மேடாக நிற்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் கோடு நிழல் விழுத்தும். தகட்டுத் தடத்தைப் போலியாக அழுத்திப் பதிப்பதும் நடக்கிறது. அப்போது தடத்தின் உள்ளே தாள் வழவழப்பாக இராமல் வெளியே உள்ளதைப் போலவே இருக்கும். பென்சில் ஒப்பம் தாளை மெல்ல அழுத்தியிருக்கும், கோணம் மாறினால் மினுங்கும்.

இதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை நிலைமையைப் பற்றியவை. ஓரங்கள் முழுமையாக உள்ளனவா, சட்டத்துக்குப் பொருந்தவென்று யாராவது வெட்டிவிட்டார்களா? தடம் வரை வெட்டிய தாள் பாதி மதிப்பை இழந்தது. பின்புறம் பசைநாடாவின் மஞ்சள் கறை, அட்டையில் முழுதாக ஒட்டியதால் தட்டையாகிப்போன மேடுபள்ளம், வெயிலில் வெளிறிய சாளரம் போன்ற வடிவம் ஆகிய மூன்றும் அடிக்கடி காணும் குறைகள். கலைஞரின் முழு அச்சோவியப் பட்டியல் வெளியாகியிருந்தால், தகட்டின் அளவை மில்லிமீட்டரில் ஒப்பிடுவது எந்த நிபுணரின் சான்றிதழையும்விட நம்பகமானது. நனைத்த தாள் உலரும்போது சிறிது சுருங்கும் என்பதால் ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாடு இயல்பே. ஒரு சென்டிமீட்டர் வேறுபட்டால் சந்தேகம் கொள்ளலாம்.

இந்தியாவிலிருந்து வாங்கி வருபவர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தின் கீழ் ரவிவர்மா, நந்தலால் போஸ், ஜாமினி ராய், அம்ரிதா ஷேர்கில், தாகூர் குடும்பத்தார் மூவர் உட்பட ஒன்பது ஓவியரின் ஆக்கங்கள் கலைச்செல்வங்கள். தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. நூறாண்டு கடந்த அச்சோவியமும் தொல்பொருளாகிவிடும். ரெட்டி, பழனியப்பன், பாஸ்கரன் போன்றோரின் தாள்களுக்கு இந்தத் தடை இல்லை. தாளைச் சுருட்டிக் குழாயில் அனுப்புவதைவிட இரண்டு கெட்டி அட்டைகளுக்கிடையே தட்டையாக அனுப்பச் சொல்வது மேல். கனத்த பருத்தித் தாளில் விழுந்த மடிப்பு போகாது.

வாங்குவதைவிடக் காப்பது கடினம், அதுவும் இலங்கை மலைநாட்டின் மேற்குச் சரிவில். நாவலப்பிட்டி, மகாவலிக் கரையில் தென்மேற்குப் பருவமழையை நேராக ஏற்கும் ஊர். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை சுவரும் துணியும் உலர மறுக்கும். ஒப்பு ஈரப்பதன் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் தாளில் பூஞ்சணம் பிடிக்கும். முதலில் கண்ணுக்குத் தெரியாது. பிறகு பழுப்புப் புள்ளிகளாக வரும். அந்தப் புள்ளிகள் வந்தபின் வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் எதுவுமில்லை, வெளுப்பான் பூசுவது தாளைக் கொல்லும். அருங்காட்சியகங்கள் 50 விழுக்காட்டை ஒட்டி நிறுத்துகின்றன. வீட்டில் அது முடியாது. முடிந்தது இவ்வளவுதான்: வெளிச்சுவரில் தொங்கவிடாமல் உட்சுவரில் தொங்கவிடலாம், சட்டத்தின் பின்னே சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டிச் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்றோட விடலாம், குளியலறை, சமையலறைச் சுவரை அறவே தவிர்க்கலாம். தாள் கண்ணாடியைத் தொடக்கூடாது. தொட்டால் உள்ளே கோக்கும் ஈரத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். இடையில் அமிலமற்ற பருத்தி அட்டையில் சாளரம் வெட்டி வைக்க வேண்டும். ஊரில் சட்டம் போடும் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது மரக்கூழ் அட்டை. சில ஆண்டுகளில் அது விளிம்பைச் சுற்றிப் பழுப்புக் கோடு போட்டுவிடும். படத்தை அட்டையோடு பிணைக்க யப்பானியத் தாள் கீற்றும் கோதுமை மாப் பசையும் போதும், மேல்விளிம்பில் இரண்டே இடத்தில். ஆனால் அதே மாப்பசைதான் இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. ஆகவே பசையை மெல்லப் பூசி, சட்டத்தின் பின்புறத்தைத் தாள் நாடாவால் முழுதாக மூடிவிட வேண்டும்.

வெளிச்சம் இரண்டாவது எதிரி. கரியால் ஆன கறுப்பு மை நூற்றாண்டுகள் தாங்கும். வண்ண மைகளில் சில தாங்கா. ரெட்டியின் தாள் போன்றவற்றைச் சன்னலுக்கு எதிரே தொங்கவிடுவது வீண் செலவு. அருங்காட்சியகங்கள் தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் விடுவதில்லை. ஆறு மாதம் காட்டிவிட்டு உள்ளே வைத்துவிடுகின்றன. சுவரில் இரண்டு, பெட்டியில் பத்து என்று மாற்றி மாற்றி வைப்பதே பழைய சேகரிப்பாளர்களின் வழக்கமும். பெட்டியில் வைப்பவற்றை, மழை ஓய்ந்து காற்று உலர்ந்திருக்கும் ஜனவரி, பெப்ரவரியில் வெளியே எடுத்து, நிழலில் காற்றாடவிட்டு, பின்புறத்தையும் பார்த்து, இடைத்தாள் மாற்றலாம். வெயிலில் காயவைக்கக் கூடாது.

ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பதிவு வேண்டும்: கலைஞர், தலைப்பு, ஆண்டு, முறை, தகட்டின் அளவு, தாளின் அளவு, எண், எங்கே எப்போது வாங்கியது, பற்றுச்சீட்டு, முன்பின் பக்கங்களின் ஒளிப்படம். இந்தத் தொடர் அறுந்துபோன தாளை ஏலத்தில் விற்பது கடினம், கல்லூரிக்கோ அருங்காட்சியகத்துக்கோ கொடுத்தாலும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுவே. பதிவின் எண்ணைத் தாளின் பின்புறம் கீழ்மூலையில் மெல்லிய பென்சிலால் குறிக்கலாம். பேனாவாலோ இரப்பர் முத்திரையாலோ குறித்தால் மழைக்கால ஈரத்தில் மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.